கள்ள யன்னல்

அத்தியாயம் ஐந்து

மரியரட்ணத்தின் மண்டையில் அன்றைய முதல் அடி விழுந்தது காலையில். இடம், ஸ்காபரோவில் ஏரியைப் பார்த்த மேட்டில் நின்ற ஒரு குட்டி ஆங்கில வீட்டின் வாசல். அடித்தது, அந்த வாசலின் மேல்நிலை.

"கள்ளனை நீங்கள் பிடிக்க முதல் கதவு உங்களைப் பிடிச்சிட்டுது, அண்ணை" என்றாள் வேரோனிக்கா.

மரியரட்ணம் நெற்றியைத் தடவிக்கொண்டு ஒரு பெப்பர்மின்ற் இனிப்பை வாயில் போட்டார். டோர்செட் பார்க்கில், ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பலகை தொங்கவிட்ட துப்பறிவாளர் அவர். வேரோனிக்கா அவருடைய உதவியாளர். காரோட்டியும் அவள்தான், தட்டெழுத்தும் அவள்தான். அவருடைய பகிடிகளுக்குச் சிரிக்காமல் இருப்பதும் அவள் வேலைகளில் ஒன்று.

வீட்டை அவள் ஒருமுறை தள்ளி நின்று பார்த்தாள். செங்குத்தாகச் சரிந்த கூரை. கூரை விளிம்பில் சரிகை பின்னியதுபோலச் செதுக்கிய ஓரப்பலகை. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச் சட்டங்கள். நடுவிலே கதவு, இருபுறமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே அளவில் இரண்டு யன்னல்கள். அவற்றில் டைமன் வடிவத்தில் சின்னச் சின்னக் கண்ணாடிகள்.

"வரிக்குதிரைக்குக் கூரை போட்டமாதிரிக் கிடக்கு."

"இங்கிலாந்திலை பெரிய பிரபுமாரின்ர எஸ்டேட் வாசலில இப்பிடித்தான் கட்டுவினம்" என்றார் மரியரட்ணம். "தோட்டக்காரன் இருக்கிற வீடு."

"இப்பிடி ஒரு வீடு தருவினமெண்டால் நானும் புல்லு வெட்டுவன்."

ஒரு காலத்தில் இங்கிலாந்து மோகம் தலைக்கேறிய ஒரு பிஸ்கற் முதலாளி இந்த மேட்டில் மாளிகை கட்டியிருந்தான். மாளிகை எரிந்து போயிற்று. வாசலில் நின்ற இந்தத் தோட்டக்காரன் வீடு மட்டும் மிஞ்சியது. பழைய கட்டடங்களைப் பேணும் ஒரு சங்கம் அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது. தொண்ணூற்றேழு ஆவணியில் அந்தச் சனிக்கிழமை அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக் கல்யாணம். புல்வெளியில் கூடாரம் போட்டாயிற்று. மணவறையும் வந்து இறங்கியாயிற்று. பின்னேரம் முகூர்த்தம்.

தாலிக்கொடியைத்தான் காணவில்லை.

உள்ளே முன்னறையில் மாப்பிள்ளை கேதீஸ், பட்டு வேட்டியோடு தலையில் கைவைத்து இருந்தான். அவனுடைய தாய் தையல்நாயகி யன்னலடியில் நின்றாள். பொட்டில்லாத நெற்றி, வெளிர் நிறச் சேலை. அவளுக்குப் பக்கத்தில், நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியைப் போல மின்னிக்கொண்டு, மாப்பிள்ளையின் மாமி பேபி. வலதுபக்க மூலையில், கதவளவு உயரமும் கதவைவிட அகலமுமாக ஒரு இளைஞன் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றான்.

"இவர்தான் கள்ளன்" என்றாள் பேபி, தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிற குரலில்.

"நான் பிரசாந். பொம்பிளையின்ர தமையன்" என்றான் அவன்.

மரியரட்ணம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒராள் ஒராளாச் சொல்லுங்கோ."

தையல்நாயகி சொன்னாள். இந்த வீட்டைப் பராமரிப்பவர் அவளுடைய அண்ணன் சண்முகநாதன். மனைவி பேபியோடு மேல்மாடியில் குடியிருக்கிறார். கொடியைச் சிவப்பு வெல்வெற் பெட்டியில் வைத்து அவரிடம்தான் கொடுத்தாள். அவர் அதை மேலே அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விடியப்புறம் அவருக்கு வயிற்றில் பிடித்த குத்து அம்புலன்ஸில்தான் போய் முடிந்தது. அப்பென்டிஸ். இப்போது ஒப்பரேசன். மயக்கம் தெளியப் பொழுதுபடும், அதுவரை ஒருவரும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அவரைத் தூக்கிக்கொண்டு போகேக்கை என்னைக் கிட்டக் கூப்பிட்டவர். கள்ளன் யன்னலாலை வந்திட்டான் எண்டு சொன்னவர். ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தால் பெட்டி இல்லை."

"யன்னலாலை வந்தது ஆர் எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் பேபி. "நேற்றுப் பின்னேரம் நாங்கள் கோயிலால வாறம், குசினி யன்னலில ரெண்டு கால் தொங்குது. இவற்றை கால்."

"மாலையைப் பிறிஜ்ஜுக்குள்ள வைக்க வந்தனான். ஒருத்தரும் இல்லை, கதவு பூட்டு. அதுதான் ஏறினனான்." பிரசாந் வேரோனிக்காவைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஏறி இடையில சிக்கீட்டன் அன்ரி. பேபியன்ரிதான் காலிலை பிடிச்சு இழுத்து விட்டவ."

"ஒரு கொடி களவெடுக்க வந்தவன் தானே மாட்டுப்பட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கழட்டுவிச்சிருக்கிறான்" என்றாள் வேரோனிக்கா. "புதுவிதமான கள்ளன்தான்."

கேதீஸ் தலையை நிமிர்த்தினான். "அங்கிள், பொலிஸுக்குப் போகேலாது. பொம்பிளை நிரூபாவின்ர ஆக்கள் மிசிசாகாவில வெளிக்கிட்டு நிக்கினம். தமையனைக் கள்ளன் எண்ட வீட்டுக்குத் தான் வரமாட்டன் எண்டு அவ போனிலை சொல்லிப்போட்டா. கொடி கிடைச்சு, இவர் எடுக்கேல்லை எண்டு தெரிஞ்சால்தான் கார் இஞ்சாலை திரும்பும்."

"வேற கொடி கட்டேலாதோ?"

"நான் உதைத்தானே விடியவிலயிருந்து சொல்லுறன்" என்றாள் பேபி, மடியிலிருந்த ஹாண்ட்பாக்கைத் தட்டி. "என்னட்டை ஒண்டு கிடக்கு. புதிசு. இப்போதைக்குக் கட்டட்டும்."

தையல்நாயகி யன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னாள். "என்ர கொடியை உருக்கித்தான் பிள்ளைக்குச் செய்தது. பொன்னுருக்கலிலை அதைத்தான் போட்டது. இடம்பெயர்ந்து ஓடேக்கை சட்டைக்குள்ள தைச்சுக் கொண்டு வந்தது அது ஒண்டுதான்."

மரியரட்ணம் இனிப்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "அம்மா, அண்ணர் சொன்ன சொல்லை அப்பிடியே சொல்லுங்கோ. ஒரு எழுத்தும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

அவள் யோசித்தாள். "'கள்ள யன்னல்' எண்டவர். 'கள்ள யன்னலுக்குள்ள' எண்டு திரும்பவும் சொன்னவர். அதுக்குள்ள அவையள் வண்டியில ஏத்திப்போட்டினம். வலியில முழுசாச் சொல்ல ஏலேல்லை. கள்ளன் யன்னலுக்குள்ளால வந்தவன் எண்டுதானே அதின்ர கருத்து?"

"அலுமாரிப் பூட்டு?"

"பூட்டினபடி இருந்தது. மேலை தொங்கின அவற்றை சட்டைக்குள்ள இருந்த திறப்பை எடுத்துத்தான் திறந்தனாங்கள்."

"பூட்டை உடைக்கேல்லை. திறந்து எடுத்துப்போட்டுத் திரும்பப் பூட்டியும் விட்டிருக்கிறான். திறப்பைக் கொண்டுபோய்ச் சட்டைப்பையிலையும் போட்டிருக்கிறான்." மரியரட்ணம் எழுந்தார். "இவ்வளவு பண்பான கள்ளனை நான் இந்த ஊரில கண்டதில்லை. வேரோனிக்கா, யன்னல்களைப் பார்."

அவர் மேல்மாடிக்குப் போக மாடிப்படிக் கதவைத் திறந்தார். அந்தக் கதவும் குட்டைதான். இரண்டாவது அடியின் சத்தம் வீடு முழுவதும் கேட்டது.

வேரோனிக்கா வெளியே வந்தாள். தையல்நாயகியும் பின்னால் வந்தாள். உள்ளே பேபியின் குரலுக்கு இடம் போதவில்லை போலும்.

"உங்கட அவர் என்ன செய்யிறார்?" என்று கேட்டாள் தையல்நாயகி. பேச ஏதாவது வேண்டும் என்பதற்காகக் கேட்ட கேள்வி.

"அவர் எனக்கு முந்தி மேலை போயிட்டார், அக்கா." வேரோனிக்கா கண்ணாடியில் படிந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "பஸ்ஸோ, படமோ, எங்கை போனாலும் முன்னுக்கு ஓடிப்போய் எனக்கொரு சீற் பிடிச்சு வைக்கிற மனுசன். இப்பவும் உந்த எண்ணத்திலதான் போயிருப்பார்."

தையல்நாயகி சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு அதுதான் முதற் சிரிப்பு. பிறகு வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள், சிரித்தது பிழையோ என்பதுபோல.

"எங்கட அண்ணரும் ஒரு பகிடிக்காரன்தான்" என்றாள். "வீடு பாக்க வாற ஆக்களுக்குச் சொல்லுவார், இது ஆக்கள் இருக்கிறதுக்குக் கட்டின வீடில்லை, துரை குதிரை வண்டியில போகேக்கை தூரத்தில நிண்டு பாக்கிறதுக்குக் கட்டின வீடு எண்டு. உள்ளுக்கு இருக்கிறவன் குனிஞ்சு குனிஞ்சு சாகட்டாம். வெளியில வடிவா இருந்தால் காணுமாம்."

வேரோனிக்கா கதவின் இடதுபக்க யன்னலைப் பார்த்தாள். சரிகைத் திரை. அதற்குப் பின்னால் முன்னறை, விளக்கு, பேபியின் தோள். சரி. வலதுபக்க யன்னலுக்கு வந்தாள். அதே அளவு, அதே கண்ணாடி. திரை இல்லை. உள்ளே ஒரே இருட்டு. கீழ்மூலையில் மட்டும் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. கண்ணாடி பழையது, நெளிநெளியாக இருந்தது. செம்பரத்தம்பூவை யாரோ சாடியில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டாள்.

பிறகு நின்றாள். செம்பரத்தம்பூவுக்கு ஏன் மூலை இருக்கிறது?

உள்ளே ஓடினாள். ஓடும்போது குனிய மறக்கவில்லை. கதவைத் தாண்டி வலதுபுறம் திரும்பினால் ஒரு சின்ன அறை. சாப்பாட்டுச் சாமான் வைக்கிற அறை. லைற்றைப் போட்டாள். நாலு சுவரிலும் தட்டுகள். தட்டு முழுவதும் பலகாரம். பயற்றம் பணியாரம், சிப்பி, முறுக்கு, தாம்பாளம் தாம்பாளமாக. யன்னல் இல்லை.

வெளியே வந்து பார்த்தாள். யன்னல் இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள். இல்லை. மூன்றாம் தடவை உள்ளே போனபோது ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்துக் கடித்துக்கொண்டாள். பசியிலே மூளை வேலை செய்யாது.

மரியரட்ணம் மாடியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "என்ன துப்பு?"

"தேங்காய்ப்பூவை நல்லா வறுத்திருக்கினம். அண்ணை, வெளியில இந்தப் பக்கம் ஒரு யன்னல் இருக்கு. உள்ளுக்கு வந்தால் அது இல்லை."

"அப்ப ஆர் பொய் சொல்லுது? சுவரோ, யன்னலோ?"

"யன்னல்தான். என்ர பாஸ்போட் மாதிரி. படம், பேர், முத்திரை எல்லாம் வெளியில வடிவா இருக்கும். உள்ளுக்குப் போய்த் தேடினால் அப்பிடி ஒரு மனுசி இல்லை."

மரியரட்ணம் இனிப்பைக் கடிப்பதை நிறுத்தினார். "எந்தப் பாஸ்போட்?"

"நான் கனடாவுக்கு வந்து இறங்கின பாஸ்போட். ஊரறிஞ்ச கதைதானே."

"அப்பிடியான பாஸ்போட்டுக்கு எங்கட சனம் என்ன சொல்லும்?"

"பாஸ்போட்டுக்கோ? கள்ளப் பாஸ்..."

பயற்றம் பணியாரம் வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"சொல்லு" என்றார் மரியரட்ணம்.

"கள்ளப் பாஸ்போட். கள்ள நோட்டு. கள்ளக் கையெழுத்து." வேரோனிக்கா சுவரைப் பார்த்தாள். "கள்ள யன்னல்."

"கள்ளன் வந்த யன்னலில்லை. யன்னலே கள்ளன்." மரியரட்ணத்தின் முகத்தில் காலையிலிருந்து விழுந்த அடிகளெல்லாம் மறைந்து போயின. "சாமான் அறையில வெயில் படப்படாது. பாலும் இறைச்சியும் பழுதாப் போயிடும். அதாலை யன்னல் வைக்கேலாது. ஆனால் துரை வண்டியில வரேக்கை கதவுக்கு ஒரு பக்கம் யன்னல், மற்றப் பக்கம் மொட்டைச் சுவர் எண்டால் அவற்றை கண் குத்தும். அப்ப என்ன செய்வான் கட்டினவன்? வெளியில கண்ணாடி, பின்னுக்குக் கறுப்புப் பூசின பலகை. தூர நிண்டு பாத்தால் யன்னல்தான். சண்முகநாதன் ஒரு சொல்லையும் குறைச்சுச் சொல்லேல்லை. இவையள்தான் கூட்டி விளங்கினவை. ஆக்களைக் கூப்பிடு."

எல்லோரும் வந்து சாமான் அறை வாசலில் நெருக்கினார்கள். பிரசாந் தாம்பாளங்களை ஒவ்வொன்றாக இறக்கினான். முறுக்குத் தாம்பாளத்துக்குப் பின்னால், பலகையின் இருபுறமும், விரல் நீளத்தில் இரண்டு மரக்கட்டைகள். திருப்பினால் பலகை கழன்று வந்தது. பழைய மரத்தின் மணத்தோடு பகல் வெளிச்சம் அந்த அறைக்குள் பாய்ந்தது. கட்டிய காலந்தொட்டு அந்த அறை அவ்வளவு வெளிச்சத்தைக் கண்டிருக்காது.

கண்ணாடியில் சாய்ந்தபடி சிவப்பு வெல்வெற் பெட்டி. காலை முழுவதும் மாப்பிள்ளைத் தோழன்மார் அந்த யன்னலுக்கு முன்னால் நின்றுதான் படம் எடுத்திருந்தார்கள்.

தையல்நாயகி பெட்டியைத் திறந்தாள். கொடி இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. பெருவிரலால் ஒருமுறை தொட்டுவிட்டு மூடினாள்.

கேதீஸ் பிரசாந்தைப் பார்த்தான். பிரசாந் கேதீஸைப் பார்த்தான். "சொறி மச்சான்" என்றான் கேதீஸ். "பறவாயில்லை, நீ போனை எடு" என்றான் பிரசாந். கேதீஸ் ரெலிபோனிடம் ஓடினான்.

"நல்லதாப் போச்சு" என்றாள் பேபி, கொஞ்சம் மெதுவாக. "அப்ப கள்ளன் ஒருத்தருமில்லை."

"இல்லை" என்றார் மரியரட்ணம். "ஆனால் ஒரு சின்னக் கேள்வி மிச்சமிருக்கு. பூட்டின அலுமாரிக்குள்ள வைச்ச சாமானை இரவோடிரவா எடுத்து சண்முகநாதன் ஏன் இஞ்ச ஒளிச்சவர்? அந்த அலுமாரியைத் திறக்கக்கூடிய ஆரோ ஒராளுக்குப் பயந்து."

முறுக்குத் தாம்பாளம் பிரசாந்தின் கையில் மெல்லக் கிலுங்கியது.

"விடியப்புறம் அவரைத் தூக்கிக்கொண்டு போகேக்கை பக்கத்தில நிண்டது ஆர்? கட்டின மனுசி. அவவை விட்டிட்டுத் தங்கச்சியைக் கிட்டக் கூப்பிட்டு ஏன் சொன்னவர்? அதுவும் வேற ஒருத்தருக்கும் விளங்காத ஒரு பேரைச் சொல்லி?" அவர் பேபியின் பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "கல்யாணத்துக்கு வாறவை ஹாண்ட்பாக்குக்குள்ள முகம் துடைக்க லேஞ்சி கொண்டு வருவினம், பனடோல் கொண்டு வருவினம். புதுத் தாலிக்கொடி கொண்டு வாறதை நான் இண்டைக்குத்தான் காணுறன், அக்கா."

பேபி ஹாண்ட்பாக்கை நெஞ்சோடு அணைத்தாள். மின்னிக்கொண்டிருந்த நகைகளுக்குள் அவள் சட்டென்று சின்னவளாகிப் போனாள்.

"நான் களவெடுக்க நினைக்கேல்லை" என்றாள். "மாத்தி வைக்கத்தான். சத்தியமா. தாலி இறக்கின பொன்னை ஒரு புதுப் பிள்ளையின்ர கழுத்தில கட்டுறதோ? நாளைக்குக் கேதீஸுக்கு ஒண்டு நடந்தால்? நான் என்ர தங்கச்சியோட போனிலை உதைக் கதைச்சதை அந்த மனுசன் கேட்டிட்டுது போல. காணேல்லை எண்ட உடனை உண்மையிலும் உவன்தான் எடுத்தவன் எண்டு நினைச்சிட்டன்."

தையல்நாயகி பேபியை நெடுநேரம் பார்த்தாள். வேரோனிக்கா ஒரு பூகம்பத்துக்குத் தயாராகி ஒரு கால் பின்னே வைத்தாள்.

"மச்சாள்" என்றாள் தையல்நாயகி. "இந்தப் பொன் என்ர கழுத்தில கிடந்த காலம் முழுக்க நான் நல்லாத்தான் இருந்தனான். ஒரு நாள் அவர் என்னோட கோவிச்சுச் சாப்பிடாமப் படுத்ததில்லை. இது ஒரு கெட்டதும் செய்யேல்லை. கெட்டது செய்தது அவரில வந்து விழுந்த ஷெல்."

பேபியின் கண் கலங்கியது. பிறகு அவள் செய்ததுதான் அன்றைய பெரிய ஆச்சரியம். பிரசாந்தின் கையிலிருந்த தாம்பாளத்தை வாங்கி, அதிலிருந்து மிகப் பெரிய முறுக்கைத் தெரிந்து, அவன் வாயில் வைத்தாள். "தின்னு. இடுப்பு நோகுதோ இன்னும்?"

"இல்லை அன்ரி" என்றான் பிரசாந், முறுக்குக்குள்ளால்.

பின்னேரம் கார்கள் மிசிசாகாவிலிருந்து வந்தன. நிரூபா இறங்கியதும் முதலில் தமையனிடம்தான் போனாள். அவன் ஏதோ சொல்ல, மாலையும் முக்காடுமாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள். நாதஸ்வரக்காரர் தொடங்கினார். மரியரட்ணம் நெற்றியில் ஐஸ் ஒற்றிக்கொண்டு கூடாரத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தார். கூடாரத்துக்கு நிலை இல்லை என்பதில் அவருக்கு நிம்மதி.

வேரோனிக்காவின் கண் தையல்நாயகியைத் தேடியது. மணவறைப் பக்கம் இல்லை. முன்வரிசையிலும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். குட்டி வீட்டின் வாசலுக்குள், கதவுநிலைக்குப் பின்னால், பாதி உடம்பை மறைத்துக்கொண்டு நின்றாள் அவள். அங்கே நின்றால் மணவறையின் ஒரு மூலை மட்டும்தான் தெரியும்.

"இஞ்ச ஏன் நிக்கிறியள்?"

"இது காணும், பிள்ளை. நான் முன்னுக்கு வந்தால் ஆரும் ஏதும் சொல்லுவினம்."

"துரை கட்டின வீட்டை வெளியில நிண்டுதான் பாக்கவேணும் எண்டு உங்கட அண்ணரே சொல்லியிருக்கிறார்." வேரோனிக்கா அவள் கையைப் பிடித்தாள். "வாங்கோ. முன்வரிசையில உங்களுக்கு ஒரு சீற் பிடிச்சு வைச்சிருக்கு."

"ஆர் பிடிச்சது?"

வேரோனிக்கா காட்டினாள். முன்வரிசையின் நடுவில் ஒரு கதிரை வெறுமையாக இருந்தது. அதன்மேல், யாரும் உட்கார்ந்துவிடாதபடி, பேபியின் ஹாண்ட்பாக் இருந்தது. பக்கத்துக் கதிரையிலிருந்து பேபி திரும்பி, கெதியா வாங்கோ மச்சாள் என்று கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

கெட்டிமேளம் தொடங்கியது. தையல்நாயகி வாசலைத் தாண்டி வெளியே வந்தாள். அந்த வாசலில் குனியாமல் வரக்கூடிய உயரம்தான் அவள்.